பைக்கைச் சின்னக் கார் ஆக்காதீர்கள்: சென்னை சிக்னலை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு

கேள்வி இதுதான்: இறுதியாண்டு புராஜெக்டுக்காகச் சென்னையின் ஒரு நாற்சந்தி சிக்னலை, சாலைப் போக்குவரத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டும் சுமோ (SUMO) மென்பொருளில் அமைத்திருக்கிறீர்கள். வண்டி எண்ணிக்கை நேரில் நின்று எடுத்தது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் பைக்குகள் எல்லாம் காருக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன, கியூ நிஜத்தைவிட ரொம்ப நீள்கிறது. பைக்கின் அகலத்தைக் குறைத்துப் பார்த்தும் ஒன்றும் மாறவில்லை. என்ன செய்வது, வேறு மென்பொருளுக்குப் போகலாமா?

அகலத்தைக் குறைத்தும் மாறாததற்குக் காரணம் எளிது. சுமோவின் அமைப்புகளை மாற்றாமல் ஓட்டினால் அகலம் என்பது திரையில் படம் வரைய மட்டும்தான், கணக்கில் அதற்கு வேலையே இல்லை. உள்ளே ஓடுவது கிராஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1998-ல் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதிய கணித மாதிரியின் (மாடல்) ஒரு வடிவம். முன்னால் போகிற வண்டி திடீரென்று பிரேக் போட்டாலும் இடிக்காமல் நிற்கக்கூடிய வேகம் எதுவோ, அந்த வேகத்தில் பின்னால் வருபவன் போவான் என்பதுதான் அதன் சாரம். ‘முன்னால் போகிற வண்டி’ என்று ஒன்று எப்போதும் இருக்கிறது, அது அதே லேனில் இருக்கிறது, அதைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதியது அது. ஜெர்மன் நெடுஞ்சாலைக்கு அது பொருந்தும். அண்ணா சாலையில் ஓர் ஆக்டிவாவுக்கு முன்னால் போகிற வண்டி எது? சற்று வலப்பக்கம் ஒரு கார், சற்று இடப்பக்கம் ஓர் ஆட்டோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. ஓட்டுகிறவர் பார்ப்பது அந்தச் சந்தை. வண்டியைப் பின்தொடர்வதைவிட இடைவெளியைப் பின்தொடர்கிறார் என்பதே சரி. இந்த ஒன்றை மாதிரிக்குள் கொண்டுவராமல் மற்ற எண்களை எவ்வளவு திருகினாலும் நீங்கள் பார்ப்பது சின்னக் கார்களைத்தான்.

சரி, சுமோவிலேயே இதற்கு வழி இருக்கிறது. ‘லேட்டரல் ரெசல்யூஷன்’ என்ற விருப்பத்துக்கு ஓர் எண் கொடுத்தால் லேன் துணைப்பட்டைகளாகப் பிரியும், அகலம் உயிர்பெறும், ஒரே லேனில் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகலாம். சுமோவின் வழக்கமான லேன் 3.2 மீட்டர், 0.8 கொடுத்தால் நான்கு பட்டை, 0.4 கொடுத்தால் எட்டு. எட்டு என்றால் ஓட நேரமாகும், ஆனால் பைக் பெரும்பான்மையாக இருக்கும் சாலைக்கு அதுதான் நியாயம்.

இதைப் போட்ட பிறகும் பலருக்கு பைக் புகுந்து வராது, அங்கேயே மனம் விட்டுப்போய் மென்பொருளைத் திட்டுவார்கள். கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள், காரணம் தெரிந்துவிடும். இரண்டு லேன், ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கார் நிற்கிறது. லேன் 3.2, கார் 1.8, அப்படியானால் காரின் ஒவ்வொரு பக்கமும் 0.7 மீட்டர் மிச்சம். இரண்டு காருக்கும் நடுவே 1.4 மீட்டர் சந்து. சுமோவின் வழக்கமான பைக் 0.9 மீட்டர் அகலம், பக்கவாட்டில் அது விரும்பும் இடைவெளி 0.6 மீட்டர். இரண்டு பக்கமும் 0.6 கேட்டால் 2.1 மீட்டர் வேண்டும். 1.4-ல் 2.1 எப்படி நுழையும்? நம் ஊரில் ஸ்ப்ளெண்டர் மாதிரி ஒரு வண்டியின் அகலம் 0.72 மீட்டர்தான், சிக்னலில் புகும்போது ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் இருந்தால் போதும் என்று போகிறவர்கள் ஏராளம். பைக் அகலம் 0.75, பக்க இடைவெளி 0.15 முதல் 0.2 வரை வைத்தால் 1.15 மீட்டருக்குள் வேலை முடிகிறது, பைக் புகுந்துவிடும். இதோடு ‘புஷி’ என்ற பண்பையும் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் ஏற்றுங்கள், பக்கத்து வண்டியின் இடத்தை லேசாக நெருக்கிப் போகும் துணிச்சலின் அளவு அது. கார்களையும் லேன் நடுவிலேயே ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். காரின் பக்கவாட்டு அமைவை ‘ஆர்பிட்ரரி’ என்று மாற்றினால் சில சந்துகள் குறுகும், சில அகலும், நிஜத்தில் நடப்பதும் அதுதான்.

இப்போது புதுப் பிரச்சினை வரும். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும் பைக் முன்னால் ஓர் அங்குலம்கூட நகராமல் நண்டு மாதிரி பக்கவாட்டில் நழுவிப் போகும். இருசக்கர வண்டியால் அது முடியவே முடியாது. பக்கவாட்டு வேகம் என்பது முன்னோக்கிய வேகத்திலிருந்து பிறப்பது: வண்டியை எவ்வளவு கோணம் திருப்பினோமோ அந்த அளவுக்கு ஒரு பங்கு பக்கவாட்டில் கிடைக்கும், நின்றால் பூஜ்யம். மணிக்கு 10 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 2.8 மீட்டரில், 15 டிகிரி திரும்பினால் பக்கவாட்டில் நொடிக்கு 0.7 மீட்டர்தான். சுமோவில் இதற்கென்றே நிற்கும்போதுள்ள பக்க வேகம், ஓடும் வேகத்தோடு அது எவ்வளவு கூடலாம் என்று இரண்டு தனித்தனி எண்கள் இருக்கின்றன. முதலாவதைப் பூஜ்யமாக்குங்கள், இரண்டாவதை 0.25 பக்கம் வையுங்கள். இதைச் செய்யாமல் எடுத்த கியூ நீளம் எதையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் நிஜத்தில் ஒரு பைக் புகுவதற்கு முன்னால் கொஞ்சம் நீளமும் வேண்டும், வெறும் அகலம் போதாது. முன் சக்கரத்துக்கும் முன்னால் நிற்கும் காரின் பம்பருக்கும் நடுவே இடம் விட்டு நிறுத்தியவர் புகுந்துவிடுவார், ஒட்டி நிறுத்தியவர் காலால் தள்ளிப் பின்னால் வந்துதான் திருப்ப வேண்டும். அனுபவப்பட்டவர்கள் ஏன் காருக்கு நேர் பின்னால் நிறுத்தாமல் ஒரு மூலையில் சாய்வாக நிறுத்துகிறார்கள் என்பதும் இதில் இருக்கிறது.

அந்த மூலை விஷயம் முக்கியம். 2007-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பைக் ஓட்டுபவர்களின் நடத்தையை மட்டுமே மாதிரியாக்கி ஒரு முனைவர் ஆய்வு வந்தது, பைக்காரர்கள் முன் வண்டியின் நேர் பின்னால் வராமல் ஓரமாகச் சாய்ந்து தொடர்வதை அது ஒரு தனி நடத்தையாகவே எடுத்துக்கொண்டது. ஓரமாக இருந்தால் காருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியும், அவசரத்தில் ஒதுங்கவும் வழி இருக்கும். அதனால் இன்னும் நெருங்கிப் போக மனம் துணியும். நேர் பின்னால் போகும்போது விடுகிற இடைவெளியும் ஓரத்தில் போகும்போது விடுகிற இடைவெளியும் ஒன்றல்ல. சுமோவின் துணைப்பட்டை முறையில் இது பாதிதான் கிடைக்கும்: பக்கவாட்டில் உரசாத நிலைக்கு வந்துவிட்டால் முன் வண்டி கணக்கிலிருந்தே போய்விடுகிறது, பைக் அதன்பின் முழு வேகத்தில் முறுக்குகிறது. நிற்கும் கார்களின் நடுவே 40 கிலோமீட்டரில் பறக்கும் பைக்கை அப்போதுதான் பார்ப்பீர்கள். நிஜத்தில் யாரும் அப்படிப் போவதில்லை. எந்தக் கதவு எப்போது திறக்கும், எந்த பஸ்ஸுக்கு முன்னாலிருந்து யார் குறுக்கே வருவார் என்ற பயம் ஓட்டுகிறவருக்கு உண்டு, கால் தரையைத் தொட்டுத் தொட்டுத்தான் போவார். இதற்கு ட்ராசி (சுமோ ஓடும்போதே வெளியிலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கும் வழி) மூலம் பைத்தானில் ஒரு சின்ன விதி எழுத வேண்டும்: இரண்டு பக்கமும் அரை மீட்டருக்குள் மெதுவாக நகரும் வண்டியோ நிற்கும் வண்டியோ இருந்தால் பைக்கின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு. அந்த உச்சவரம்பு எவ்வளவு என்பதை நீங்களே உங்கள் சிக்னலில் வீடியோ எடுத்துக் கண்டுபிடியுங்கள், புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள்.

சின்னச் சின்ன எண்களையும் சொல்லிவிடுகிறேன். சுமோவின் பைக் முடுக்கம் வழக்கமாக 6 மீட்டர்/வினாடி², அதாவது நின்ற இடத்திலிருந்து மூன்று நொடிக்குள் 60 கிலோமீட்டர். 100 சிசி வண்டியில், அதுவும் பின்னால் ஓர் ஆளோடு, அது நடக்காது; 2-லிருந்து 2.5 வரை வையுங்கள். நிற்கும்போது முன் வண்டிக்கு விடும் இடம் வழக்கமாக 2.5 மீட்டர், பைக்குக்கு அரை மீட்டர் போதும். ஒரு நொடிக்கு ஒரு தடவை கணக்கிடுவதை 0.1 அல்லது 0.2 நொடிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் 40 கிலோமீட்டரில் போகிற பைக் ஒவ்வொரு படியிலும் 11 மீட்டர் தாவும், இரண்டு கார் நீளத்தில் நடக்கிற நுணுக்கம் எல்லாம் காணாமல் போகும். வரைபடத்தை உருவாக்கும்போது வண்டிகள் இடப்பக்கம் போக ‘லெஃப்ட்ஹேண்ட்’ கொடுத்திருக்கிறீர்களா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்டாப் லைன். சிவப்பு விழுந்து அரை நிமிடத்தில் நம் சிக்னல்களில் என்ன நடக்கிறது என்று கவனித்திருப்பீர்கள்: முதல் வரிசையில் கார்கள் நிற்கும், அவற்றின் இடுக்கு வழியாக பைக்குகள் ஒவ்வொன்றாக வந்து, காருக்கு முன்னால் ஜீப்ரா கிராஸிங் மேலேயே ஒரு வரிசை, அதற்கும் முன்னால் இன்னொரு வரிசை என்று அடைத்துவிடும். சுமோவில் பைக் ஸ்டாப் லைனைத் தாண்டி நிற்காது என்பதால் இந்த முன்கூட்டம் உருவாகவே உருவாகாது. இதற்கு ஒரு வழி இருக்கிறது: ‘ஸ்டாப் ஆஃப்செட்’ என்ற அமைப்பில் மற்ற வண்டிகளை எல்லாம் லேன் முடிவுக்கு 4 மீட்டர் முன்பே நிறுத்தச் சொல்லி, பைக்குக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிடுங்கள். லேன் முடிவை ஜீப்ரா கிராஸிங்கின் மறுபக்கத்துக்குத் தள்ளி வரைந்தால் கணக்கு நேராகிவிடும். அதோடு, டைமர் உள்ள சிக்னலில் பச்சைக்குச் சில நொடி முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அதையும் வேண்டுமென்றால் ட்ராசியில் அந்த முன்வரிசை பைக்குகளின் ஸ்பீட் மோடை மாற்றி, சிவப்பைப் பொருட்படுத்தாமல் மெதுவாக நகர விடலாம். இதை மட்டும் கடைசியில் செய்யுங்கள், இல்லையென்றால் எது எதனால் மாறியது என்று தெரியாது.

ஏன் இந்த முன்கூட்டத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி கேட்கலாம். சிக்னல் நேரக் கணக்கே இதில் அடங்கியிருப்பதால்தான். சிக்னல் நேரம் கணக்கிட வெப்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1958-ல் கொடுத்த முறையைத்தான் இன்றும் பாடத்தில் படிக்கிறோம்: பச்சை விழுந்ததும் முதல் சில நொடி வண்டிகள் மெதுவாகக் கிளம்பும், பிறகு ஒரே சீரான வேகத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும், அந்தச் சீரான அளவு, மீட்டரில் சாலை அகலத்தை 525-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கார் அலகு என்று கிடைக்கும். நம் ஊரில் இது தலைகீழ். பச்சை விழுந்த முதல் சில நொடியில்தான் மிக அதிக வண்டி வெளியேறுகிறது, ஏனென்றால் முன்னால் அகலம் முழுக்க நிற்பது பைக். அது வடிந்த பிறகு கார், பஸ், ஆட்டோ என்று வேகம் குறைகிறது. அப்படியானால் நீளமான ஒரு பச்சையும் குட்டையான இரண்டு பச்சையும் ஒரே எண்ணிக்கையை வெளியேற்றாது. பைக்குகள் முன்னால் வந்து சேர எவ்வளவு சிவப்பு நேரம் கிடைக்கிறது என்பதும் அடுத்த பச்சையின் பலனை மாற்றும். சுழற்சி நேரம், அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரையான நேரம், எவ்வளவு இருக்க வேண்டும் என்ற முடிவே இதனால் மாறக்கூடும், அதைப் பார்க்க முடியாத மாதிரியைக் கட்டி என்ன பயன்?

இங்கேதான் பி.சி.யு., அதாவது ஒவ்வொரு வண்டியையும் இத்தனை காருக்குச் சமம் என்று மாற்றும் கணக்கு, எனக்கு ஒப்பாத இடமாகிறது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 1990 வழிகாட்டி, நகரச் சாலையில் இருசக்கர வண்டி 5 சதவீதமாக இருந்தால் 0.5 கார் என்றும், 10 சதவீதத்துக்கு மேல் போனால் 0.75 கார் என்றும் எடுக்கச் சொல்கிறது. சாலைக் கொள்ளளவைத் தோராயமாகப் பார்க்க அது உதவும், அதற்காகத்தான் எழுதினார்கள். ஆனால் அதே பெருக்கலைச் செய்து எல்லா பைக்கையும் காராக்கி, அந்தக் கார்களை சுமோவிலோ, இதே வேலைக்கான விஸ்ஸிம் என்ற மென்பொருளிலோ ஓட்டிவிட்டு ‘கலப்புப் போக்குவரத்து மாதிரி’ என்று அறிக்கை எழுதுவது சரியில்லை, கோபமாகவே சொல்கிறேன். நிற்கும் இரண்டு காருக்கு நடுவில் புகுந்து நிற்கும் பைக் கியூவின் நீளத்தைக் கொஞ்சமும் கூட்டுவதில்லை. இடுக்குகள் எல்லாம் நிரம்பிய பிறகு வருகிற பைக் கூட்டுகிறது. ஒரே வண்டி, ஒரே சிக்னல், ஒரு நேரம் பூஜ்யம், ஒரு நேரம் முக்கால். ஒற்றை எண்ணில் இது அடங்காது. இந்தியாவில் பதிவான வண்டிகளில் நான்கில் மூன்று இருசக்கரம் என்னும்போது, கொசுறாக நடத்த வேண்டியது பைக் அல்ல.

எண்களைச் சரிபார்க்கத் தரவு எங்கே கிடைக்கும் என்றால், நல்ல வேளையாக உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 2014-ல் எடுத்த வீடியோவிலிருந்து 245 மீட்டர் நீளத்துக்கு, மூவாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் பாதையை அரை நொடிக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தெடுத்து ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். லேன் ஒழுங்கில்லாத போக்குவரத்துக்கு உலகம் முழுக்க எடுத்துப் பயன்படுத்தும் தரவு அது. எந்த பைக் எந்த வண்டியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி, எந்த வேகத்தில் போனது என்பதை அதிலிருந்து நேரடியாக எடுக்கலாம், பக்க இடைவெளியும் பக்க வேகமும் அங்கிருந்தே எடுங்கள். ஆனால் அது சிக்னல் இல்லாத பாலப் பகுதி, சிக்னல் கியூவுக்கு அது உதவாது. கியூவுக்கு நீங்கள்தான் வீடியோ எடுக்க வேண்டும். நடைமேம்பாலம் இருந்தால் நல்லது. தரையில் நான்கு புள்ளிகளை டேப் வைத்து அளந்துகொண்டால் படத்திலுள்ள தூரத்தை மீட்டராக மாற்றிக்கொள்ளலாம்.

வீடியோவில் எதை அளப்பது? பெரும்பாலோர் மணிக்கு எத்தனை வண்டி என்று மட்டும் ஒப்பிட்டு, ஜி.இ.எச். (எண்ணி எடுத்ததற்கும் மாதிரி தந்ததற்கும் உள்ள வேறுபாட்டின் அளவு) 5-க்குள் வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். உள்ளே எத்தனை வண்டி விட்டீர்களோ அத்தனை வெளியே வந்தது என்பதைத் தவிர பல சமயம் அது எதையும் நிரூபிப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். பச்சை விழும் கணத்தில் ஸ்டாப் லைனிலிருந்து முதல் 10 மீட்டருக்குள் எத்தனை பைக். பச்சை விழுந்த பிறகு ஒவ்வொரு இரண்டு நொடிக்கும் எத்தனை பைக், எத்தனை கார் கோட்டைத் தாண்டின. இந்த இரண்டும் வீடியோவோடு ஒத்துப்போனால் கியூ நீளமும் தாமதமும் பெரும்பாலும் தானாக ஒத்துவரும். ஒரு மணி நேர வீடியோவில் எண்களைப் பொருத்துங்கள், இன்னொரு மணி நேரத்தில் சோதியுங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்) மாற்றிப் பத்துத் தடவையாவது ஓட்டி, சராசரியோடு அதன் சிதறலையும் சேர்த்துக் கொடுங்கள்.

வேறு மென்பொருளுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விஸ்ஸிமில் ஒரே லேனில் முந்துவது, பக்க இடைவெளியை வேகத்துக்கு ஏற்ப வைப்பது, கியூவில் வண்டியைச் செவ்வகமாகப் பார்க்காமல் வைர வடிவமாகப் பார்ப்பது எல்லாம் பொத்தானிலேயே இருக்கிறது, உரிமம் கல்லூரியில் இருந்தால் வேலை சுலபம். நம் நாட்டிலும் இதற்கு நீண்ட உழைப்பு நடந்திருக்கிறது: ஐஐடி மெட்ராஸில் தமிழரசன் குழுவினர் லேனையே தூக்கிவிட்டு முழுச் சாலையையும் ஒரே பரப்பாகப் பார்த்து ஹெட்டரோசிம் செய்தார்கள், ஐஐடி பாம்பேயில் சுமோவையே எடுத்துச் சாலையைப் பட்டைகளாக வகுத்து சிம்ட்ராம் செய்தார்கள். அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள், சுமோவின் எண்களுக்குப் பின்னால் என்ன எண்ணம் இருக்கிறது என்று புரியும். சொந்தமாக எழுதும் ஆசை இருந்தால், ஒவ்வொரு பைக்கும் அரை நொடிக்கு ஒருமுறை முன்னால் விசிறியாகப் பார்த்து, கண்ணில் படும் ஒவ்வொரு சந்துக்கும் அகலம், ஆழம், அதன் முடிவில் நிற்பவரின் வேகம், அங்கே போகத் திருப்ப வேண்டிய கோணம் இவற்றுக்கு மதிப்பெண் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி எழுதலாம். ஒரு செமஸ்டரில் ஒரு நேர்ச்சாலைக்கு முடியும். நாற்சந்திக்கு முடியாது, ஆகவே இப்போதைக்கு சுமோவிலேயே இருங்கள்.

அறிக்கையில் பாதுகாப்பு பற்றி ஒரு வரி எழுதும் எண்ணம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். உங்கள் மாதிரியில் ஒருவர்கூடச் சாகமாட்டார், ஏனென்றால் இடிக்காத வேகத்தில் மட்டுமே போகும்படி எழுதப்பட்டவர்கள் அவர்கள். மோதலுக்கு எத்தனை நொடி மிச்சம் என்று கணக்கிடும் அளவுகளும் முன்பின் தொடரும் வண்டிகளை மனத்தில் வைத்தவை. கண்ணாடி உரசி ஹேண்டில் திரும்பி விழுவது, மணலில் சறுக்குவது, பஸ்ஸின் பின் சக்கரத்துப் பக்கம் சிக்குவது எதுவும் அவற்றில் வராது. இந்த மாற்றத்தால் தாமதம் இவ்வளவு குறைந்தது என்று எழுதலாம், இந்த மாற்றத்தால் பைக்காரர்களுக்கு ஆபத்து குறைந்தது என்று இதை வைத்து எழுதக் கூடாது.

இன்று தொடங்கினால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் படி நேரம், லேட்டரல் ரெசல்யூஷன், பைக் அகலம், பக்க இடைவெளி, ஓட்டிப் பார்த்துக் கியூவின் படத்தைச் சேமியுங்கள். அடுத்து நிற்கும்போதுள்ள பக்க வேகத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அதற்கடுத்து ஸ்டாப் ஆஃப்செட். மூன்றும் ஆன பிறகு பச்சையின் முதல் பத்து நொடியை வீடியோவோடு ஒப்பிடுங்கள். பைக் குறைவாக வந்தால் பக்க இடைவெளியைத் தொடுங்கள், அதிகமாக வந்தால் ட்ராசியில் அந்த வேக உச்சவரம்பை எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.